கொன்ற பிறகு அவன் என்ன செய்கிறான்? – 'அர்த் சத்யா'வும் 'சிங்கம்' இந்தியும்

கடைசி வரிசை:

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. மத்தியானம் டிவியில் இந்தி 'சிங்கம்' (2011). ராத்திரி 'அர்த் சத்யா' (1983). இரண்டிலும் நாயகன் நேர்மையான மராட்டியப் போலீஸ்காரன். இரண்டிலும் அரசியலுக்கு வரத் துடிக்கும் ஒரு தாதா. சட்டத்தால் அவனைத் தொட முடியவில்லை. கடைசியில் போலீஸ் கையாலேயே சாகிறான். கதைச்சுருக்கம் என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே பத்தி போதும்.

'சிங்க'த்தின் கடைசிப் பகுதி ஞாபகம் இருக்கும். டிபார்ட்மென்ட் மொத்தமும் திரண்டு வில்லன் வீட்டுக்குப் போகிறது. கொன்றுவிட்டு வெளியே வேறு கதை சொல்கிறார்கள். நமக்கு அது கொண்டாட்டம். பின்னணி இசை அப்படி. எனக்கும் மத்தியானம் மயிர்க்கூச்செறிந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

ராத்திரி ஓம் புரியைப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர் அனந்த் வேலங்கர். ரேடியோ திருடினான் என்று பிடித்து வந்த ஒருவனை லாக்கப்பில் அடித்தே கொன்றுவிடுகிறான். அடிக்கும்போது அவன் கண்ணுக்கு முன்னால் அந்தத் திருடன் இல்லை. தன்னை அவமானப்படுத்திய எல்லாரும் இருக்கிறார்கள். வேலை போகிற நிலை வந்ததும், இத்தனை நாள் எவனைப் பிடிக்க முடியாமல் புழுங்கினானோ அந்த ராமா ஷெட்டியிடமே உதவி கேட்டுப் போகிறான். அவன் ‘என் ஆளாக இரு’ என்கிறான். வேலங்கர் அவன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கொன்றுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் கொன்றேன் என்று சொல்கிறான். படம் அங்கே நிற்கிறது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தி க்ரைம் படங்களில் கலை எது, ஃபார்முலா எது என்று இங்கே பல முறை சண்டை போட்டிருக்கிறோம். பாட்டு இருக்கிறதா, ஸ்டார் இருக்கிறாரா, கெட்ட வார்த்தை வருகிறதா என்றெல்லாம் அளந்து பார்த்தோம். ஒன்றும் சரிப்படவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு உயிர் போன பிறகு வருகிற அடுத்த ஒரு நிமிடத்தை அந்தப் படம் என்ன செய்கிறது? அதைப் பார்த்தால் போதும்.

நண்பர்கள் சொல்லுங்கள்.

---

கார்பன் குச்சி:

தம்பி, நல்லா எழுதியிருக்க. ஆனா ஃபார்முலான்னு ஒரு வார்த்தையைப் போட்டு மொத்தத்தையும் ஒதுக்கிடாத. நான் கோயம்புத்தூர்ல ஒரு தியேட்டர்ல பதினொரு வருஷம் ப்ரொஜெக்டர் ஓட்டினவன். ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி இந்திப் படம் போடுவோம். 'தீவார்' மட்டும் எத்தனை வாட்டி ஓட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. 1975 படம், சலீம்–ஜாவேத் எழுத்து. அண்ணன் கடத்தல்காரன், தம்பி போலீஸ், நடுவுல அம்மா. இதைவிடப் பெரிய ஃபார்முலா உண்டா? நம்ம ரஜினி 'தீ'ன்னு பண்ணினாரே, அதே கதைதான்.

அந்தப் படம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு. தம்பிக்கு வீரப் பதக்கம் கொடுக்கிற விழா. அவன் மேடையில நின்னுக்கிட்டு, இதை வாங்க வேண்டியது எங்க அம்மான்னு கூப்பிடறான். எதுக்குப் பதக்கம்? பெத்த மகன் ஒருத்தனை இன்னொரு மகன் சுட்டதுக்கு. அந்தப் பதக்கத்தை அந்த அம்மா கையில கொடுத்துட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கிறாங்க. நீ கேட்ட ‘அடுத்த நிமிடம்’ இந்தப் படத்துல முதல் காட்சியாவே வந்துடுது.

சின்ன வயசுல இருந்து கோயில் படி ஏறாத பய, அம்மா சாகக் கிடக்கறப்ப சிவன் முன்னாடி போய் நிக்கிறான் இல்லையா, அந்த இடம் வந்தா நான் கேபின் ஓட்டை வழியா படத்தைப் பார்க்க மாட்டேன், ஜனத்தைப் பார்ப்பேன். பாதிப் பேருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஒருத்தன் சோடா பாட்டிலை வாய்கிட்ட கொண்டுபோனவன் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தான், சீன் முடியற வரைக்கும். ஃபார்முலா அதைச் செஞ்சுது தம்பி.

---

கடைசி வரிசை:

ஐயா, இதை ஒத்துக்கொள்கிறேன். ஃபார்முலா என்ற சொல்லை நான் யோசிக்காமல் போட்டுவிட்டேன். 'தீவார்' விஷயத்தில் என் அளவுகோல் என்னையே திருத்துகிறது. சலீம்–ஜாவேத் எழுதியதும் வணிகப் படம்தான், ஆனால் துப்பாக்கி சுட்டால் அந்தச் சத்தம் ஒரு வீட்டுக்குள் கேட்டது. என் கோபம் அந்தச் சத்தம் கேட்காத படங்கள் மேல்தான்.

---

எடிட்டிங் டேபிள்:

'சத்யா'வைத் தொடாமல் இந்தப் பேச்சு நகராது (கமல் படம் இல்லை, 1998 ராம் கோபால் வர்மா). அதிலும் பாட்டு இருக்கிறது, காதல் இருக்கிறது, மழை இருக்கிறது. எழுதியவர்கள் அனுராக் காஷ்யப், சௌரப் சுக்லா. பாட்டுக்கு இசை விஷால் பரத்வாஜ், பின்னணி சந்தீப் சௌட்டா. இந்தி சினிமாவின் அடுத்த பதினைந்து வருஷத்துப் பாதி ஆட்கள் இந்த ஒரே படத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள்.

நான் எடிட்டிங்கில் இருப்பவன். அந்தப் படத்தில் இரண்டு வெட்டுகளை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்று, தாதா பிக்கு மாத்ரே சாகிற இடம். மனோஜ் பாஜ்பாய்க்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாத்திரம். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் நாம் மிகவும் நேசிக்கிற ஆள் அவன்தான். தேர்தல் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் இடத்தில், ஜெயித்த அரசியல்வாதி பாவுவே அவனைச் சுட்டுவிடுகிறான். அவ்வளவுதான். வழக்கமான படமாக இருந்தால் இங்கே ஸ்லோ மோஷன், நாலு கோணம், கடைசி வசனம் எல்லாம் வந்திருக்கும். இங்கே அவனுக்குச் சாக நேரமே கொடுக்கவில்லை. தியேட்டரில் பின்னால் இருந்த ஒருவர் ‘என்னது?’ என்று சத்தமாகவே கேட்டார். அந்தக் கேள்விதான் அந்த வெட்டின் வெற்றி.

இரண்டாவது, கதவு. குண்டடி பட்ட சத்யா, காதலித்த பெண்ணின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அவன் யார் என்று அவளுக்கு இப்போது தெரியும். திறக்க மாட்டாள். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். கேமரா இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கிறது. கதவை உடைத்து உள்ளே வரும்போது போலீஸ் சுடுகிறது, அவன் அவள் வீட்டுக்குள் விழுகிறான். அதுவரை வெளியிலேயே நடந்துகொண்டிருந்த சாவு ஒரு சாதாரண வாடகை வீட்டுத் தரையில் வந்து கிடக்கிறது. வாசலைத் தாண்டி அரை அடி. அந்த அரை அடிக்காகத்தான் முழுப் படமும் என்று தோன்றும்.

---

ஜாமீன் மனு:

எடிட்டிங் டேபிள் சகோ, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் என் அனுபவம் வேறு. கல்லூரி விடுதியில் 'சத்யா' போட்ட அன்று பசங்களுக்கு நினைவில் நின்றது கதவு இல்லை. கடல் பாறைமேல் நின்று மும்பைக்கு ராஜா யார் என்று பிக்கு கத்துகிறானே, அதுதான். வருஷம் முழுக்க மொட்டைமாடியில் அதையே கத்திக்கொண்டிருந்தார்கள். கலைப்படம் எடுத்தோம் என்று இயக்குநர் நினைத்துக்கொள்ளலாம், பார்வையாளர் எதை வீட்டுக்கு எடுத்துப்போகிறார் என்பது அவர் கையில் இல்லை.

நான் வக்கீல். கிரிமினல் பக்கம்தான் ப்ராக்டிஸ். என்கவுன்டர், கஸ்டடி சாவு என்றால் எனக்குப் படக்கதை இல்லை, கேஸ் கட்டு. அதனால் 'அப் தக் சப்பன்' (2004) போன்ற நன்றாக எடுத்த படங்கள் மேல் எனக்குக் கூடுதல் பயம். நானா படேகர் அந்த என்கவுன்டர் போலீஸாக அவ்வளவு இயல்பாக, அவ்வளவு பிரியமாக இருக்கிறார். நன்றாக எடுக்கப்பட்ட படம் என்பதாலேயே அவர் செய்வது சரி என்று நம்பிவிடுகிறோம். மோசமான மசாலாப் படத்தை யாரும் நிஜம் என்று எடுத்துக்கொள்வதில்லையே.

இன்னொரு விஷயம், கடைசி வரிசை குறிப்பிட்ட 'சிங்கம்' நம் ஊரிலிருந்து போன படம். 2010இல் ஹரி தமிழில் எடுத்தது. பிரகாஷ்ராஜ்தான் இரண்டிலும் வில்லன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கஸ்டடியில் இறந்த பிறகு, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துகிறேன் என்று ஹரியே அறிக்கை விட்டார். நினைவிருக்கிறதா? ஒரு வணிகப் பட இயக்குநர் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு மனசு வேண்டும். மூன்று வருஷம் கழித்து பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் ஒரு நிகழ்ச்சியில் இதே இந்தி 'சிங்க'த்தின் கடைசிக் காட்சியை எடுத்துச் சொல்லி, இது ஆபத்தான செய்தி என்றார். நீதிமன்றம் என்றால் தாமதம், போலீஸ் சுட்டால் உடனடி நியாயம் என்று ஜனங்கள் நம்பப் பழகிவிடுவார்கள் என்பதுதான் அவர் கவலை. தினமும் கோர்ட் வராந்தாவில் நான் பார்ப்பதும் அதுதான். “ஏம்மா இழுத்துக்கிட்டு, போட்டுத் தள்ள வேண்டியதுதானே” என்று பாதிக்கப்பட்டவர் வீட்டு ஆட்களே சொல்கிறார்கள்.

---

சயான் கோலிவாடா:

நமஸ்காரம். நான் பம்பாய்க்காரன், மூணு தலைமுறையா இங்கதான். பம்பாய் குண்டுவெடிப்பைப் பத்தின 'பிளாக் ஃப்ரைடே' படம் பத்தி ஒருத்தரும் எழுதலையேன்னு இப்போதான் அக்கவுன்ட் ஆரம்பிச்சேன்.

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல முதல் குண்டு. எனக்கு அப்போ இருபது வயசு, ஃபோர்ட்ல ஒரு கம்பெனியில பில் கிளார்க். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேஸ் சிலிண்டர்னு நினைச்சோம். சாயந்தரம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க யாரும் யார் முகத்தையும் பார்க்கல. மொத்தம் 257 பேர். அந்த எண்ணை ஒரு பேப்பர்ல படிக்கிறது வேற, அந்த ஊர்ல இருந்து ஒவ்வொரு நாளா அது ஏறுறதைக் கேக்கிறது வேற.

அதனால அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். எடுத்து முடிச்சது 2004ல, கேஸ் விசாரணை முடியலைன்னு கோர்ட் தடை போட்டு 2007 பிப்ரவரியிலதான் வந்தது. ஹுசைன் சைதி புஸ்தகம், அனுராக் காஷ்யப் டைரக்‌ஷன். கேமரா யார் தெரியுமோ? நம்ம நட்டி. 'சதுரங்க வேட்டை'யில நடிச்சாரே, அதே நட்ராஜ்.

அதுல இம்தியாஸ்னு ஒருத்தனைப் போலீஸ் துரத்துற சீன் ஒண்ணு. வேற படமா இருந்தா ரெண்டு நிமிஷத்துல தாவிப் பிடிச்சுடுவான். இங்க ஓடறாங்க, ஓடறாங்க, ஓடிக்கிட்டே இருக்காங்க. சாக்கடையைத் தாண்டி, தகரக் கூரை மேல ஏறி, சந்துல முட்டி. போலீஸ்காரனுக்குத் தொப்பை, மூச்சு வாங்குது, சுவத்துல கை ஊன்றி நிக்கிறான். ஓடறவனுக்கும் அதே நிலைமை. ஒரு கட்டத்துல ‘டேய் நில்லுடா’ன்னு கெஞ்சற மாதிரி ஆயிடுது. டேனி பாய்ல் தன்னோட 'ஸ்லம்டாக்' படத்துத் துரத்தல் சீனுக்கு இதுதான் தூண்டுதல்னு சொல்லியிருக்கார். எனக்கு அது முக்கியமில்லை. அந்தச் சந்து எனக்குத் தெரியும். அங்க ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டி நின்னாத்தான் மத்தவர் போக முடியும். அந்த அகலத்தை நட்டியோட கேமரா சரியாப் பிடிச்சிருக்கு.

அப்புறம் பாத்ஷா கான். குண்டு வெச்சுட்டு ஊர் ஊரா ஓடறான். ஃபோன் வரும்னு காத்திருக்கான், வரல. கையில காசு கரையுது. மதத்துக்காகப் பண்ணினோம்னு நம்பினவனை அனுப்பினவங்க கைவிட்டுட்டாங்கன்னு அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் புரியுது. அவன்மேல எனக்குப் பரிதாபம் வந்தது, அதனால என்மேலயே எனக்குக் கோபம். 257 பேரைக் கொன்ன கூட்டத்துல ஒருத்தன். தியேட்டர்லேர்ந்து வெளிய வந்து ஒரு சாயா வாங்கி, குடிக்காமலே கொட்டினேன். அம்மா ஜாமீன் மனு சொன்ன பயம் நியாயம். ஆனா ஒருத்தனை மனுஷனாக் காட்டறதும் அவன் செஞ்சதைச் சரின்னு சொல்றதும் வேற வேற இல்லையா? நிஜமாத்தான் கேக்கறேன், எனக்கு இன்னும் பதில் கிடைக்கல.

---

ஜாமீன் மனு:

சயான் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விதான் என் வேலையே. கோர்ட்டில் நான் யாருக்காக நிற்கிறேனோ அந்த ஆள் பெரும்பாலும் செய்தவன்தான். அவனை மனுஷனாகக் காட்டாவிட்டால் எனக்குப் பேசவே வாய் இல்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு 'அப் தக் சப்ப'னுக்கும் 'பிளாக் ஃப்ரைடே'வுக்கும் வித்தியாசம் எனக்கே தெளிவாகிறது. இரண்டாவதில் பாத்ஷா கானின் பரிதாபம் நமக்கு வசதியாக இல்லை. உங்களைச் சாயாவைக் கொட்ட வைக்கிறது. முதலாவதில் நானா படேகரின் மேல் வருகிற பிரியம் மிகவும் வசதியாக இருக்கிறது.

---

தூரதேச ரயில்:

எல்லாரும் பம்பாய்லயே நிக்கறீங்க. 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' பாத்தவங்க யாரும் இல்லையா? தன்பாத், நிலக்கரி, மூணு தலைமுறைப் பகை, ரெண்டு பாகம் சேர்த்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல. டைட்டில்லயே பாலா, அமீர், சசிகுமார் மூணு பேருக்கும் நன்றி போட்டிருப்பார் காஷ்யப், தன் வேரைத் தேடிப் போக வெச்சது இந்த மதுரைக்காரங்கதான்னு. தியேட்டர்ல அதைப் பாத்ததும் எனக்கு எழுந்து நிக்கணும் போல இருந்துச்சு.

---

எடிட்டிங் டேபிள்:

ஆமாம் ரயில். நம்மிடமிருந்து இந்திக்கு இரண்டு வண்டிகள் போயிருக்கின்றன. ஒன்றில் 'கஜினி', 'சிங்கம்', பிரபுதேவா இயக்கிய 'வான்டட்', 'ரவுடி ராத்தோர்' (இவை இரண்டும் மூலத்தில் தெலுங்கு). இன்னொன்றில் 'சுப்ரமணியபுர'த்தின் மண்ணும் ரத்தமும். தென்னிந்திய ஃபார்முலாதான் இந்தி சினிமாவைக் கெடுத்தது என்று வடக்கத்தி விமர்சகர்கள் எழுதும்போது இரண்டாவது வண்டியை மறந்துவிடுகிறார்கள். அது எனக்கு நிஜமாகவே வலிக்கும்.

'வாசேபூரில்' வில்லன் ராமாதீர் சிங் பேசுவது ஞாபகம் இருக்கிறதா? தான் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணம் சினிமா பார்க்காததுதான் என்கிறான். மற்ற ஒவ்வொருத்தன் தலைக்குள்ளும் ஒரு படம் ஓடுகிறது, தன்னை ஹீரோ என்று நினைத்துத்தான் எல்லாரும் சாகிறார்கள் என்கிறான். ஜாமீன் மனு சொன்ன மொட்டைமாடிப் பசங்களைப் பற்றி அந்தப் படத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், இது என் தொழில் வருத்தம். ‘யதார்த்த க்ரைம்’ என்பதே இப்போது ஒரு ஃபார்முலா. ஆடுகிற கேமரா, மஞ்சள் வண்ணம், வரிக்கு ஒரு கெட்ட வார்த்தை, ஊரைக் காட்ட ஒரு ட்ரோன் ஷாட். ஓடிடி வந்த பிறகு என் மேசைக்கு வருகிற பத்துத் தொடரில் ஆறு இப்படித்தான். தலை சிதறுவதை நெருக்கத்தில் காட்டுவார்கள், செத்தவன் யார் என்று நாலாவது எபிசோடில் யாருக்கும் நினைவிருக்காது. கிளைமாக்ஸில் பறந்து அடிக்கிற ஹீரோவுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன வாரம் ஒரு காட்சியில், கொலைக்குப் பிறகு வாசலில் கிடக்கும் செருப்பின் மேல் எட்டு விநாடி வைத்திருந்தேன். இழுக்கிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக 'சோன்சிரியா' (2019, அபிஷேக் சௌபே) பாருங்கள். சம்பல் கொள்ளைக்காரர்கள் கதை. தாங்கள் காரணமாகச் செத்துப்போன குழந்தைகளின் நினைவு அந்தக் கும்பலை விடவே இல்லை. மனோஜ் பாஜ்பாய் கண்ணில் அந்தச் சிறுமி தெரிந்துகொண்டே இருப்பாள். துப்பாக்கிச் சண்டை நிறைய உண்டு, ஒரு தோட்டாகூட லேசாகப் போகாது. படம் ஓடவில்லை. அதுவும் சேர்த்தே சொல்கிறேன்.

---

கார்பன் குச்சி:

எட்டு விநாடி வெச்சிருக்கணும். எடுக்கச் சொன்னவங்க தப்பு.

---

கடைசி வரிசை:

செருப்பு விஷயம் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

சயான் அண்ணா பதிவுக்கும் எடிட்டிங் டேபிள் பதிவுக்கும் பிறகு என் ஆரம்ப வாதத்தில் ஒரு திருத்தம். ‘அடுத்த ஒரு நிமிடம்’ என்றேன். 'பிளாக் ஃப்ரைடே'யில் அது ஒரு நிமிடம் இல்லை, படத்தின் பாதி. குண்டு வெடித்ததும் படம் முடியவில்லை, அதற்குப் பிறகுதான் விரிகிறது. விசாரணை, சித்திரவதை, ஓட்டம், காத்திருப்பு. 'சத்யா'வில் அரை அடி வாசல். 'தீவார்' அதை முதல் காட்சியாகவே வைத்துவிட்டது. எங்கே வைத்தாலும் சரி, வைக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும்.

'அர்த் சத்யா'வைப் பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்கள். கோவிந்த் நிஹலானி இயக்கம், விஜய் டெண்டுல்கர் திரைக்கதை. நடுவில் ஓம் புரி திலீப் சித்ரேயின் கவிதை ஒன்றை வாசிப்பார், சக்கரவியூகத்துக்குள் நுழைவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்று தொடங்கும். வாசிக்க வாசிக்க அவர் குரல் தாழ்ந்துகொண்டே போகும். அதற்காகவாவது பாருங்கள்.

---

ஜாமீன் மனு:

நேற்று பார்த்தோம். நானும் அப்பாவும். இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். நான் வக்கீலுக்குப் படித்ததில் அவருக்குப் பெருமை, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் வருத்தம். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. படத்தில் வேலங்கரின் அப்பாவாக அம்ரிஷ் புரி, அவரும் ரிடையர் ஆன கான்ஸ்டபிள். அவர் மனைவியை அடிக்கிற காட்சியில் அப்பா அசையாமல் இருந்தார். எங்கள் அப்பா கைநீட்டாதவர், அதனால் எனக்குப் பயமில்லை.

லாக்கப் காட்சி வந்ததும் ‘நிறுத்தும்மா’ என்றார். நிறுத்தினேன். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். திரும்பி வந்தும் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். மீதியை அப்படி நின்றபடியேதான் பார்த்தார். ஓம் புரி ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிற இடத்தில்கூட ஒன்றும் பேசவில்லை.

எழுத்துகள் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டார், “அந்த ரேடியோக்காரப் பய யார் வீட்டுப் புள்ளைன்னு சொன்னாங்களா? நான் தண்ணி குடிக்கப் போனப்ப வந்துச்சா?”

நீங்க போனப்ப நிறுத்தி வெச்சிருந்தேன்பா, படம் வேலங்கர் பின்னாலயே போயிடுச்சு என்றேன்.

“ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த இடத்துக்குத் திருப்பி வை” என்றார். வைத்தேன். இந்தத் தடவை உட்கார்ந்து பார்த்தார்.